பிரேக் இல்லாத பக்கம்

வேனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் தணிகாசலம். கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். புது வேட்டி, தோளில் சரிகைத் துண்டு.

எனக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் கஸ்தூரி. அவள்தான் பெண். கூறைப் புடவையை மண்டபத்தில்தான் கட்டுவார்கள். அதனால் சாதாரண மஞ்சள் புடவையில் இருந்தாள். தலையில் மட்டும் பூ கனமாக இருந்தது.

அவள் பக்கத்தில் அம்மா பச்சையம்மாள். மடியில் சீர்த் தட்டு. தேங்காய் உருளாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

அடுத்த சீட்டில் பெண்ணின் சித்தி, கைக்குழந்தையோடு. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசி சீட்டில் தவில்காரர் கோவிந்தன். தவிலைக் காலுக்கு நடுவே நிறுத்தி, அதன்மேல் தாடையை வைத்திருந்தார்.

அவர் பக்கத்தில் உறவுக்காரப் பெண்கள் சிலர். பெயர் ஞாபகம் இல்லை.

அப்புறம் நான். ஸ்டீயரிங்கில்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். வருஷம் சரியாகத் தெரியாது. தை மாதம் என்பது நிச்சயம். பனி அப்படி.

பெண் வீட்டு ஊர் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் கப்பி ரோட்டில் இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். கல்யாணம் திருவண்ணாமலையில், தேரடியைத் தாண்டி ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். கிளம்பும்போதே தாமதம்.

லாரியை விட்டு வேனுக்கு வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். லாரியில் மூட்டை. மூட்டை பேசாது. வேனில் ஜனம். ஜனம் பேசும். அது ஒன்றுதான் வித்தியாசம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தணிகாசலம் பேசிக்கொண்டே வந்தார்.

“இன்னா டிரைவரே, இப்டி உருட்டிக்கினு போனா பொண்ணு கெழவியாய்டும்.”

“போய்டலாங்க.”

“மாப்ள வூட்டுக்காரங்க ஏற்கெனவே மூஞ்சிய தூக்கிக்கினு இருக்காங்க. லேட்டா போனா அதுக்கு ஒரு பேச்சு கெளம்பும்.”

“போய்டலாங்க.”

பின்னாலிருந்து கோவிந்தன் குரல் கொடுத்தார். “அண்ணே, அவரு அதத் தவிர வேற ஒண்ணும் பேசமாட்டாரு. நேத்து நானும் பேசிப் பாத்தேன். செவுத்தாண்ட பேசினா மாதிரி இருந்துச்சு.”

பெண்கள் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தாள். கண்ணாடியில் தெரிந்தது.

கஸ்தூரிக்கு அப்பா இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டார். அந்த வீட்டுக்கு ஆண் துணை என்றால் தணிகாசலம்தான். மாப்பிள்ளை பார்த்தது, மண்டபம் பிடித்தது, என்னைப் பிடித்தது எல்லாம் அவர். தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டப் போவதும் அவர்தான். எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் உரிமை. அன்றைக்கு மணையருகில் அவர் இல்லை என்றால் ஊரே கேட்கும்.

ஈரக் கால்

முந்தின நாள் சாயங்காலமே வண்டியோடு அந்த ஊருக்குப் போய்விட்டேன். வழியில் ரோடு சுத்தமாக இருந்தது. குண்டும் குழியும் உண்டு. அது எல்லா ரோட்டிலும் உண்டு. புதிதாக ஒன்றும் இல்லை. திரும்பி வரப்போகும் ரோட்டைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பெண் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. எனக்கும் இலை போட்டார்கள். பாதியில் யாரோ, “மாமா எங்க?” என்று கேட்டார்கள்.

“கரண்ட்டு வந்துச்சு இல்ல? மோட்டார் போடப் போயிருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாளில் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இரவில்தான் வரும். எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் விட்டது விட்டபடி ஓட வேண்டும். கல்யாண வீடாக இருந்தாலும் ஓடுவார்கள்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் வந்தார். கணுக்கால் வரை செம்மண். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றித் தேய்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“கடலைக்குத் தண்ணி டிரைவரே. இப்ப உடாம போனா காய் சுருங்கிப் போய்டும்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிறவரை நான் மனதில் ஒரு பக்கம் வைத்துக்கொள்வேன். தப்பு கண்டுபிடிக்க இல்லை. வழக்கம்.

எதையும் நம்பாத தொழில்

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். வண்டி ஓட்டுவதைப் புத்தகத்தில் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரோட்டில் எதையும் நம்பக்கூடாது.

நின்றிருக்கும் பஸ்ஸை நம்பக்கூடாது. அதன் முன்னால் யாரோ குறுக்கே வரக் காத்திருப்பார். நிற்கும் லாரியின் கீழே பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் கால் தெரியும். கோடையில் ரோட்டில் ஈரம் இருந்தால் கொஞ்சம் முன்னால் ஏதோ ஒழுகிக்கொண்டு போகிறது. ஓர் ஆட்டுக்குட்டி தாண்டிவிட்டது என்று காலை எடுக்கக்கூடாது. அதன் கூட்டாளி வேலிக்குள் இருக்கும். குடித்தவன் தள்ளாடினால் பயமில்லை. எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். குடித்துவிட்டு நேராக நடக்க முயற்சி பண்ணுகிறான் பாருங்கள், அவனைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

என் மனைவி சொல்லுவாள்: “உனக்குச் சோறு போட்டா அதையும் ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் சாப்பிடுவ.” உண்மைதான்.

இந்தப் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. ஓர் இடத்தில் வந்தது.

தண்ணீர் நிரம்பிய சொம்பு

அது இன்னும் பழைய கதை. எழுபதுகளில், லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது. அடி அண்ணாமலைப் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தேன். பௌர்ணமி. மலையைச் சுற்றி வரும் ஜனம் இப்போது மாதிரி அப்போது கிடையாது. அங்கொருவர் இங்கொருவராகத்தான் நடப்பார்கள். ரோட்டில் விளக்கும் கிடையாது. நிலவு மட்டும்.

ரோட்டோரம் ஒரு பித்தளைச் சொம்பு நின்றது. லைட்டு பட்டுப் பளிச்சென்றது. தாண்டியிருப்பேன். தண்ணீர் விளிம்பு வரை நிரம்பியிருந்ததால் சொம்பின் வாயிலும் ஒரு நிலா தெரிந்தது.

தண்ணீர் நிரம்பிய சொம்பை விட்டுவிட்டு யாரும் போகமாட்டார்கள். காலிச் சொம்பை மறந்துவிடலாம். நிரம்பியதை வைத்தவர் பக்கத்தில்தான் இருப்பார்.

காலை பிரேக்கில் வைத்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

புளிய மர நிழல் ரோட்டில் விழுந்திருந்தது. நிழலுக்கு நடுவே நிலவு விழுந்தது மாதிரி வெள்ளையாக இரண்டு திட்டு. நிலவு இல்லை. வேட்டியும் புடவையும். வயதான புருஷன் பெண்டாட்டி. நடந்து களைத்து, குளிருக்குத் தார் சூடாக இருக்கிறது என்று ரோட்டிலேயே படுத்துவிட்டார்கள். பகல் வெயிலைத் தார் வைத்திருக்கும். படுத்தால் இதமாக இருக்கும்.

வண்டியை நிறுத்தி எழுப்பினேன். அந்த ஆள் கோபித்துக்கொண்டார். “ஏம்ப்பா, தூங்கற மனுஷன எழுப்புற?” என்றார். நான் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.  பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று.

அதிலிருந்துதான், பக்கத்தில் ஆள் இல்லாத எந்தப் பொருளும் என்னை நிறுத்தும்.

குறுக்கே விரித்த கொள்ளு

தை, மாசியில் எங்கள் பக்கம் ரோடு என்றால் அது களமும்தான். அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டில் விரித்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறிப் போக, காய் உடைந்து கொள்ளு தனியே விழும். மாடு கட்டி ஓட்டும் வேலை மிச்சம். டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஏற்றிப் போவார்கள். செடிமேல் பிரேக் பிடிக்காது. கொடி அடியில் சுற்றிக்கொள்ளும். சில வண்டியில் சைலென்சர் சூட்டில் புகையும். ஆனாலும் யாரும் கேட்பதில்லை. நாளைக்கு நம் வீட்டுக் கொள்ளும் ரோட்டுக்குத்தானே வரும்.

அதனால் தை மாதத்தில் ரோட்டில் செடியைப் பார்த்தால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அன்று காலை ஏரிக்கரைக்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கம் கடலைக் காடு. இடது பக்கம் ஒரு மோட்டார் கொட்டகை, அதை ஒட்டித் தரைக் கிணறு. சுற்றுச் சுவர் கிடையாது. ரோட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு வரிசை ஊணாங்கொடிப் புதர், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் இப்படிக் கிணறு ரோட்டோரம் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தை நான் தெரிந்து வைத்திருந்தேன்.

அந்த இடத்தில் ரோட்டில் கொள்ளுச் செடி கிடந்தது.

முதலில் தோன்றியது: நேற்று இல்லை.

அடுத்தது: பக்கத்தில் ஆள் இல்லை. கொள்ளு விரித்தால் ஓரத்தில் துடைப்பத்தோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பாள். ஆடு வாய் வைக்கும், போகிறவன் வருகிறவன் ஒரு கட்டு தூக்கிக்கொண்டு போவான். விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

அடுத்தது: பனி. ஈரச் செடியில் காய் உடையாது. வெயில் ஏறிய பிறகுதான் விரிப்பார்கள். இன்னும் பொழுதே கிளம்பவில்லை.

கடைசியாக: அது ரோட்டோடு நீளமாக இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே, வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை, ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்தது. சக்கரம் ஏறுவதற்கு விரிப்பவன் அப்படி விரிக்கமாட்டான்.

இவ்வளவையும் எழுத நேரம் ஆகிறது. பார்க்க நேரம் ஆகவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் சேர்ந்தும் நான் பிரேக்கை முழுசாக மிதிக்கவில்லை. வேகத்தைக் கம்மி பண்ணினேன், அவ்வளவுதான். முகூர்த்த நேரம் எனக்கும் கண்ணை மறைத்தது. மெதுவாக ஏற்றிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

கால்

தணிகாசலம் பேச்சை நிறுத்தியிருந்தார்.

கிளம்பியதிலிருந்து ஓயாமல் பேசியவர். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் பொய் சொல்லும். கீழே பார்த்தேன்.

அவர் வலது கால் தரையை அழுத்தியது. விரல் எல்லாம் மடங்கி, குதிகால் தூக்கி, முழு பலத்தோடு.

அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.

ரோடு தெரிந்த மனுஷன். அந்தச் செடியைப் பார்த்து அவர் கால் பயப்படுகிறது. வாய் பேசவில்லை.

நான் முழுசாக மிதித்தேன்.

வேன் இழுத்துக்கொண்டு போய் செடிக்கு இந்தப் பக்கமே நின்றது. தேங்காய் உருண்டு என் சீட்டுக்கு அடியில் வந்தது. குழந்தை வீறிட்டது. தவில் எங்கேயோ மோதி ஒருமுறை முழங்கியது.

“யோவ், இன்னாய்யா வண்டி ஓட்டுற?” என்றாள் சித்தி.

“கொள்ளுதானே டிரைவரே! ஏத்திக்கினு போக வேண்டியதுதானே!” என்றார் கோவிந்தன்.

தணிகாசலம் ஒன்றும் சொல்லவில்லை. திட்ட வேண்டியவர் அவர்தான்.

நான் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். செடிக்குள் விட்டேன். முதலில் ஓரத்தில். தட்டியது. கொஞ்சம் உள்ளே. கம்பி போயிற்று. கை பிடித்திருந்த இடம் வரை போயிற்று. அடியில் தண்ணீர் சத்தம் கேட்டது.

செடியைக் காலால் தள்ளினேன். ரோட்டை முழங்கால் ஆழத்துக்கு வெட்டியிருந்தார்கள். வெட்டினது நேராக இல்லை, இடது பக்கம் மோட்டார் தண்ணீர் விழுந்து அரித்து, வரவர ஆழம் ஜாஸ்தி. முன் சக்கரம் விழுந்தால் வண்டி இடது பக்கம்தான் சாயும். இடது பக்கம் கிணறு.

யார் கிணறு

“ரோட்ட வெட்டி வெச்சிருக்காங்க,” என்றேன். “தண்ணி போறதுக்கு.”

வேனில் சத்தம் நின்றது. குழந்தை மட்டும் அழுதது.

அந்த அமைதி எனக்குப் புரியவில்லை. வெட்டினவனைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. எல்லாரும் முன் சீட்டைப் பார்த்தார்கள். அது யார் கிணறு என்று எனக்குத்தான் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

பச்சையம்மாள் கேட்டார். “டேய் தணிகா. இது நம்ம கெணறாச்சே.”

தணிகாசலம் இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார்.

“அந்தாண்ட கடலை காஞ்சு போச்சுக்கா. வாய்க்கா குடுக்கமாட்டேன்னுட்டான் பக்கத்துக் காட்டுக்காரன். ஒரு ராத்திரி தண்ணி உட்டுட்டு மூடிடலாம்னு வெட்டினேன். மண்ணப் போட்டு மூடுடா, கல்லு போட்டு இடிடான்னு மாணிக்கத்தாண்ட சொல்லிட்டுதான் வந்தேன். அந்த நாயி, ரோட்டு மேஸ்திரி கண்ல படாம செடியப் போட்டு மறைச்சிட்டு வூட்டுக்குப் போயிருக்கான். பொழுது விடிஞ்சதும் மூடிக்கலாம்னு.”

மாணிக்கம் என்பது அவரிடம் வேலை செய்த ஆள். அங்கே இல்லாத ஆள்மேல் பழி சுலபமாக ஏறும். நான் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

கஸ்தூரி இறங்கி வந்தாள். பூவோடு, மருதாணிக் கையோடு, பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள். கிணற்றைப் பார்த்தாள். பிறகு சித்தியின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

“மாமா. செடியப் பாத்தப்போ உனக்குத் தெரிஞ்சுதா, தெரியலயா?”

“மூடியிருப்பான்னு நெனச்சேன் கண்ணு. மண்ணப் போட்டுட்டு மேல செடி போட்டிருக்கான்னு...”

“நெனச்சியா? தெரியுமா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தப் பனியிலும் வியர்த்திருந்தது.

“தெரியாது.”

“அப்போ நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா ஏன்னு கேப்பாங்க. உன்னக் கட்டிக் குடுக்கற அன்னிக்கு, ரோட்ட வெட்டினவன்னு எனக்குப் பேரு வரணுமா?”



பின்னால் வரும் பஸ்

கொட்டகைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. மம்மட்டி இரண்டு எடுத்து வந்தார். அவரும் நானும் மண் தள்ளினோம். கோவிந்தன் வேட்டியை மடித்துக் கட்டி, வரப்புக் கல்லைத் தூக்கி வந்து போட்டார். “தவிலடிக்கிற கையி அண்ணே இது. வெரலு போச்சுன்னா நீதான் வந்து வாசிக்கணும்,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மண் சேறாகப் போயிற்று. அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எல்லாரையும் இறக்கி, காலி வேனை வலது ஓரமாக ஏற்றினேன். பின் சக்கரம் ஏறும்போது மண் உள்வாங்கியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எப்படியோ அந்தப் பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் போட்ட மண்ணில் பாதி உள்ளே இறங்கியிருந்தது.

“ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு,” என்றார் பச்சையம்மாள்.

கஸ்தூரி ஏறவில்லை.

“பின்னால பஸ்ஸு வருமே,” என்றாள்.

ராத்திரி அந்த ஊரில் தங்கி, காலையில் கிளம்பும் பஸ். கல்யாணத்துக்கு வரும் ஊர் ஜனம் மொத்தமும் அதில்தான் வரும். மேலேயும் ஏறியிருப்பார்கள். அந்த டிரைவர் கொள்ளுச் செடியைப் பார்த்தால் கொள்ளு என்றுதான் நினைப்பார். ஏரிக்கரைப் பக்கமிருந்து வருகிறவன் மேடு ஏறி இறங்கும்வரை பள்ளத்தையே பார்க்கமாட்டான். யாராவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். பள்ளம் கெட்டியாகும்வரை நிற்க வேண்டும்.

“கோவிந்தா, நீ நில்லு,” என்றார் பச்சையம்மாள்.

“நான் நின்னா கெட்டிமேளம் யாரு கொட்டுவாங்க? வாயால கொட்டுவீங்களா?”

நான் என்னைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வேன் என்னிடம் இருந்தது. தப்பித்தேன்.

தணிகாசலம் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கால் படியில் இருந்தது.

“மாமா, நீ நில்லு,” என்றாள் கஸ்தூரி.

பச்சையம்மாள் அழுதுவிட்டார். “ஏண்டி, பட்டம் யாருடி கட்டுறது? உனக்கு அப்பனும் இல்ல, மாமனும் இல்லாம மணையில உக்காருவியா?”

“பஸ்ஸு கெணத்துல வுழுந்துட்டா மணை எதுக்கும்மா?”

அவள் சீர்த் தட்டிலிருந்து சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்தாள். புதுத் துணி. அதை அவரிடம் நீட்டினாள். வண்டியை நிறுத்தக் காட்டுவதற்கு.

அவர் அதை வாங்கவே நேரம் பிடித்தது. படியிலிருந்து காலை எடுத்தார். சரிகைத் துண்டைக் கழற்றி அக்காவின் மடியில் வைத்தார்.

நான் வண்டியை எடுத்தேன். ஏரிக்கரை ஏறும்வரை கண்ணாடியில் அவரையே பார்த்தேன். நிற்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வேன் மறைந்ததும் குறுக்கு வழியில் மெயின் ரோட்டுக்கு ஓடி, எதிலாவது ஏறி மண்டபத்துக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். பெயருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர். இங்கேயும் பெயர்தானே போகிறது.

மண்டபம்

முகூர்த்தம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். பெண்ணை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

நான் வாசலில் நின்றேன். உள்ளே கேட்டது.

“தாய்மாமன் எங்க? பட்டம் கட்டணும், தாய்மாமன் வாங்க.”

 மறுபடி கூப்பிட்டார்கள். ஒன்றுவிட்ட மாமன் யாரோ கட்டினார் என்று பிறகு தெரிந்தது. கோவிந்தன் கெட்டிமேளத்தைத் தேவைக்கு மேலேயே கொட்டினார். பேச்சை அமுக்கத்தான் என்று நினைக்கிறேன்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தணிகாசலம் வருகிறாரா என்று. வந்தால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்தேன். அவர் வரவில்லை.

தாலி கட்டி முடித்து, இலை போடும் நேரத்துக்கு ஊர் ஜனம் வந்தது. வியர்த்துக் கொட்டி, செருப்பெல்லாம் புழுதி. பஸ் அந்தப் பள்ளத்தைத் தாண்ட டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். எல்லாரும் இறங்கி மெயின் ரோடு வரை நடந்து, வேறு பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

“மாமன் அங்க நின்னுக்கினு இருக்காரு. செவப்புத் துணிய ஆட்டிக்கினு,” என்றான் ஒருவன். “நான்தான் வெட்டினேன், நான்தான் வெட்டினேன்னு வர்றவங்க போறவங்க எல்லாத்தாண்டயும் சொல்றாரு. கண்டக்டர் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டுட்டான். வாங்கிக்கினு நிக்கறாரு.”

மாணிக்கம் பெயரைச் சொன்னாரா என்று கேட்டேன்.

“யாரு மாணிக்கம்?” என்றான் அவன்.

மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்தார். பெரிய மீசை.

“நீதானே வேன் டிரைவரு? அந்த ஆளுதான் ரோட்ட வெட்டினானா?”

“நான் பாக்கலைங்க.”

“பின்ன இன்னா பாத்த?”

“நிக்கறதப் பாத்தேங்க.”

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

மறுவீடு

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்காகப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதே வேன். முன் சீட்டில் இப்போது மாப்பிள்ளை. பேசாத பையன். அவர் காலையும் நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சும்மா இருந்தது.

ஏரிக்கரை மேட்டில் ஏறும்போதே மெதுவாக்கினேன். தணிகாசலம் போயிருப்பார் என்றுதான் அப்போதும் எண்ணம். வெயில் உச்சியில் இருந்தது. பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு எங்காவது நிழலில் படுத்திருப்பார். அதனால் இன்னும் மெதுவாக்கினேன்.

மேட்டிலேயே நின்றிருந்தார். சிவப்புத் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினார். வேனை அடையாளம் தெரிந்த பிறகும் ஆட்டினார். நான் நிறுத்தும்வரை கையை இறக்கவில்லை. புது வேட்டி முழங்கால் வரை செம்மண்.

பள்ளத்தில் கல் அடுக்கி, மண் போட்டு, மிதித்து வைத்திருந்தார். தனி ஆளாக. செடியெல்லாம் வரப்பில் கிடந்தது.

“கெணத்துப் பக்கம் போகாத டிரைவரே. அந்தப் பக்கம் இன்னும் எளக்கமாத்தான் இருக்குது. எடதாண்ட புடிச்சு ஓட்டு,” என்றார். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

கஸ்தூரி இறங்கினாள். மாலையோடு, பட்டத்தோடு. அவர் அந்தப் பட்டத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

“சாப்டியா மாமா?”

“இல்ல கண்ணு. போற வண்டி வர்ற வண்டி, எங்க நகர்றது?”

மாப்பிள்ளை இறங்கி அவர் காலில் விழப் போனார். “ரோட்ல வேணாம் மாப்ள, வூட்டுல,” என்று தடுத்தார். கை மண்ணைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“எத்தினி வண்டி நிறுத்தின மாமா?”

உதட்டை அசைத்து எண்ணினார். முடிக்கும் இடத்தில் தயங்கினார். எங்கள் வேனைப் பார்த்தார். காலையில் இதே வேன் நின்றதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். சேர்க்கவில்லை.

“பதினொண்ணு.”